பகுமேயில் பதிந்தவர்கள்

எங்கள் எத்தியோப்பியாவில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதத்துக்கு முப்பது முப்பது நாள். மிஞ்சுகிற ஐந்தாறு நாள்தான் பகுமே. இது பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சம்பளம் வாங்குகிற ஹப்தாமுவுக்கு, அதாவது எனக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் கேவலம்.

பழைய டேட்டாபேஸில் தேதி வெறும் எழுத்தாகக் கிடந்தது. புதியதில் அந்தக் கட்டம் தேதியை மட்டும்தான் ஏற்கும், அதுவும் பன்னிரண்டு மாதத் தேதியை. கண்புரை அறுவைக்குக் காத்திருப்போரின் அட்டவணையை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது திரை கேட்டது: ‘அறுபத்து மூன்று வரிகளில் பிழை. விட்டுவிட்டுத் தொடரலாமா?’ தலைநகர் அடிஸிலிருந்து மருத்துவர்கள் அறுவை முகாமுக்கு வர இரண்டே நாள் இருந்தது. ஏதோ குப்பை வரிகள் என்று ‘ஆம்’ அழுத்தினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. தலைமைச் செவிலி அஸ்கலேயிடம் போய், "ஒண்ணுகூட விடல சிஸ்டர், எல்லாரும் வந்தாச்சு" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

முகாமின் முதல் நாளே ஜெனபெச் வந்தாள். இஞ்ஜெரா அப்பம் சுட்டு விற்பவள். கண் மங்கிய பிறகு சூட்டுக்கல்லைத் தடவித் தடவி விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருந்தது. அவள் அட்டையிலிருந்த எண்ணைத் தட்டினேன். இல்லை.

"பகுமே மூணாம் நாள் பதிஞ்சேன்யா. அன்னிக்கு மழைத்தண்ணி புனிதமாச்சே, அதுல குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு."

வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு எரிச்சல். "யாரோட அட்டையையோ தூக்கிட்டு வந்து பொய் சொல்லாதீங்கம்மா! பதியாமலே உள்ள பூந்துடலாம்னு பாக்கறீங்களா?" என்று எல்லார் காதிலும் விழக் கத்தினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள்.

மறுநாள் இன்னும் நான்கு பேர் பகுமே என்றார்கள். விட்டுவிட்ட வரிகளைத் திறந்தேன். ஏறக்குறைய எல்லாமே பதின்மூன்றாம் மாதம். அப்போதாவது அஸ்கலேயிடம் ஓடியிருக்கலாம். மருத்துவர்கள் இன்னும் ஒரு நாள் இருந்தார்கள். ஓடவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, தேதிகளைத் திருத்தி, அறுபத்து மூன்று பேரையும் ஓசைப்படாமல் அட்டவணையில் சேர்த்தேன். யாராவது எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்க வேண்டுமே! நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பெயர் இருந்தும் அறுவை நடக்காதவர்களைப் புதிய டேட்டாபேஸ் ‘வரவில்லை’ என்று தானாகவே குறித்துவிடும். வராதவர்கள் அடுத்த முகாமில் கடைசிக்குப் போவார்கள். இதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஜெனபெச் அஸ்கலேயின் மேசைக்கு வந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"பேருதான் இருக்கே! கூப்பிட்ட அன்னிக்கு வராம இப்ப வந்து நிக்கிறீங்க?" என்றாள் அஸ்கலே.

"வந்தேனே தாயி..." ஜெனபெச் தயங்கினாள். "இல்ல, நாள் மாறி வந்துட்டேனோ என்னவோ. கண்ணு தெரியாதவ. மன்னிச்சுக்கங்க."

அவள் மன்னிப்புக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்க வந்தாங்க சிஸ்டர். நான்தான் வெரட்டினேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அஸ்கலே பார்த்த பார்வைக்கு, இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை.

"எத்தன பேரு?"

"அறுபத்து மூணு."

"அடப்பாவி! அத்தன பேரும் இருட்டுல கெடக்கறாங்கடா!"

அடுத்த முகாமில் அந்த அறுபத்து மூன்று பேருக்கும்தான் முதல் இடம் என்று அங்கேயே எழுதினாள். ஜெனபெச் அதைக் கேட்டும் நகரவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கத்திக்குப் பயந்து ஓடியாந்துட்டேன்னு எங்க தெருவே சிரிக்குது. பொய்க்காரின்னு புருசன் மொகம் குடுத்துப் பேசறதில்ல. இந்தம்மாகிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? எந்திரி."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் வழி சொல்லச் சொல்ல, அவளை நடத்திக்கொண்டு அந்தத் தெருவரை போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று, "தப்பு என்மேலதான்" என்று முனகினேன்.

"அன்னிக்கு வரிசை பூரா கேக்கக் கத்துனியே, அந்தத் தொண்டை எங்க போச்சு? கோடி வீட்டுக்குக் கேக்கணும். கத்து."

கத்தினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அவள் புருஷன் வெளியே வருகிற வரைக்கும் அவள் என்னை நிறுத்த விடவில்லை.