நிலவனுக்குப் பதிலாக

"உன் பேரென்ன?" என்று சந்திரவல்லி மிஸ் நான்கு முறை கேட்டார். என் மகன் நான்கு முறையும் "ஒச்சப்பன்" என்றான்.

மிஸ் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அதில் நிலவன் என்று இருந்தது. எங்கள் வீட்டில் மூத்த பையனைக் குலசாமி பெயரில்தான் கூப்பிடுவார்கள். சான்றிதழில் இருப்பது நான் ஆசைப்பட்டு வைத்த பெயர். இத்தனை நாளில் அதை ஒருவரும், நானும்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை.

"கூப்பிட்டா திரும்பாத பிள்ளையை எப்படிங்க வகுப்புல வச்சிக்கிறது? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தெறக்கிறப்போ கூட்டிட்டு வாங்க. அன்னைக்கும் இப்படின்னா, எல்கேஜி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷமா! பை வாங்கியாயிற்று. தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் அவன் தூங்குகிறான்.

வீட்டுக்கு வந்ததுமே ஆரம்பித்தேன். "நிலவா, சாப்பிட வா." யாரோ வருகிறார்கள் என்று அவன் வாசலைப் பார்த்தான்.

எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மலைக்கு, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு என் வீட்டுக்காரர் சின்ராசு ஓட்டுவது. காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் பெண்கள் ஏறியதும் நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். நோட்டில் பெயர் இருந்தால்தான் ஜீப்பில் இடம். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும் என் மகனை, கிளம்பும்போது இறக்கிவிடுவோம். தினமும் ஒரு பாட்டம் அழுவான்.

"இவனையும் நோட்டுல எழுதுங்க" என்றேன். "பேருக்குப் பதில் சொன்னா தண்ணித் தொட்டி வரைக்கும் ஏத்திட்டுப் போங்க. அங்கேர்ந்து நான் கூட்டிட்டு வந்துர்றேன்."

செவ்வாய்க்கிழமை வாசித்தார்.

"மருதாயி?"

"இருக்கேன்."

"கருத்தம்மா?"

"ஒன் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கேன் மாப்ளே. கண்ணாடியைப் பாரு."

"ஜக்கம்மா?"

"அத்தைக்குக் காய்ச்சல்ண்ணே. அவுகளுக்குப் பதிலா நான் வர்றேன்" என்றாள் ஜக்கம்மாவின் மருமகள் சூர்யகலா.

"நிலவன்?"

என் மகன் பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

"யாருப்பா அது, மொத நாளே லீவு?" என்றாள் மருதாயி. "வெரசா எடு. வராதவனுக்காக நிக்க முடியுமா?"

அவனை இறக்கினோம். அழுதான். புதன்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை "நிலவன்?" என்றதும் முன்சீட்டில் எழுந்து நின்றான்.

"அவன் வரலைப்பா. அவனுக்குப் பதிலா நான் வர்றேன்."

ஜீப்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். கருத்தம்மா சீழ்க்கையே அடித்துவிட்டாள். முன்கண்ணாடிக்கு மேல் தலை தெரிய அவன் தண்ணீர்த் தொட்டி வரை போனான். மலைக்கே போய்வந்தவன் மாதிரி இறங்கினான்.

வெள்ளியும் சனியும்கூட நிலவனுக்குப் பதிலாகத்தான் போனான். "நீதாண்டா அப்பு நிலவன்" என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்கவில்லை. "அவன் வந்தா?" என்று கேட்டான். வந்தால் தன்னை இறக்கிவிடுவோம் என்று பயம்.

திங்கட்கிழமை வகுப்பறைக் கதவோரம் நின்றேன். மிஸ் பதிவேட்டைத் திறந்தார்.

"நிலவன்?"

எழுந்தான். அவன் வரலை என்று சொல்லிவிடுவானோ?

"இருக்கேன் மிஸ்."

மிஸ் குறித்துக்கொண்டார். ஆனால் அவன் உட்காரவில்லை.

"மிஸ், நிலவன் வந்தா நான் எந்திரிக்கணுமா?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவனிடம் குனிந்தார்.

"யாரு வந்தாலும் எந்திரிக்காதே. இது ஒன் எடம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும், வருஷம் பூராவும்."

பிறகுதான் உட்கார்ந்தான், சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மிஸ் அடுத்த பெயரை வாசித்தார். பதில் வரவில்லை. மறுபடி வாசித்தார்.

என் மகன் வகுப்பு முழுவதையும் திரும்பிப் பார்த்தான்.

"வெரசா சொல்லுங்க" என்றான். "வண்டி கெளம்பணும்ல?"