குறையில்லாமல்

அறுபத்தோராவது வயதில் லவ்டே கார் ஓட்டும் தேர்வில் தேறினாள். தேர்வு நடத்தியவர் சிரிக்கத் தெரியாத மனுஷர். "குறையில்லாம ஓட்டினீங்க, மேடம்" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனார். அந்த ஒரு வார்த்தையை வாயில் மிட்டாய் போல அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

ஆப்பிள் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தான் கணவன் டென்சில். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"குறையில்லாமவா? நல்லா ஓட்டினேன்னு சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரலடி. நீ சுடற கறி பாஸ்டியை என்னிக்காவது குறையில்லாம இருக்குன்னு சொல்லியிருக்கேனா?"

"சொல்லிப் பாரு. மறுநாள்லேர்ந்து நீதான் அடுப்படியில நிப்ப."

திங்கட்கிழமை கட்டுப் பிரிக்க ட்ரூரோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சந்துப் பாதை. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. வளைவுக்கு வளைவு டென்சில் மாவுக்கட்டுக் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். திடீரென்று எதிரே ஒரு டிராக்டர், பாதை முழுக்க அடைத்தபடி.

"போச்சு! பின்னாடி வளைவு வேற. நான் இறங்கி வழி சொல்றேன்."

"உட்காரு."

லவ்டே கழுத்தைத் திருப்பி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்த்தினாள். பக்கக் கண்ணாடி முட்செடியில் சரசரவென்று உரசியது. வளைவு தாண்டி, ஒதுங்கும் இடத்தில் வண்டியை நுழைத்துவிட்டாள். டிராக்டர்காரர் நன்றிக்கு ஒற்றை விரலை உயர்த்திக் கடந்துபோனார்.

அவள் எஞ்சினை அணைத்தாள். "இப்ப சொல்லு, எப்படி ஓட்டினேன்?"

"பிரமாதம்! ராஜாத்தி, அசத்திட்ட!"

"புளுகாத. கண்ணாடி உரசினது உன் காதுல விழலையா? உள்ளதைச் சொல்லு. அதுவரைக்கும் வண்டி நகராது."

டென்சில் கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தான். பின்னால் வளைவைத் திரும்பிப் பார்த்தான். அவனே ஓட்டியிருந்தாலும் அங்கே உரசித்தான் இருக்கும்.

"குறையில்லாம ஓட்டின" என்றான். குரலில் கேலி இல்லை.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. சாவியைத் திருப்பினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர், வெளுத்துச் சூம்பியிருந்த காலைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசத்துக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

"ரெண்டு மாசம்னு வச்சுக்கலாமே டாக்டர்," என்றாள் லவ்டே, "எதுக்கும் ஒரு ஜாக்கிரதைக்கு."