வெள்ளிக்கிழமை எலிகள்

எலி வெளியே வரவில்லை. பெட்டியில் இரண்டு அறை. ஒன்று இருட்டு, மற்றதில் பளீரென்று விளக்கு. பயந்த எலி இருட்டிலேயே ஒண்டிக் கிடக்கும். பயம் போக்க எங்கள் ஆய்வகம் கண்ட மருந்து ஏறிய எலியோ விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வெளிச்சத்தில் உலாவும். மூன்று வருடமாக அப்படித்தான் உலாவியது. எங்கள் கட்டுரையைப் படித்த ஆய்விதழ்க்காரர்கள், "இன்னொரு முறை செய்து காட்டுங்கள்" என்றார்கள். இந்த வெள்ளிக்கிழமை செய்தேன். ஒரு சனியனும் மூலையை விட்டு அசையவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்தை மாற்றிக் கரைத்தேனா? இல்லை. விளக்கும் அதே விளக்குதான். எலிகளைத் திட்டினேன், பெட்டியைத் திட்டினேன், வராந்தாவுக்கும் அறைக்குமாக நடந்தேன். போனால் போகிறது என்று விட எனக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. என் தம்பி ரூபன் போன வருடம் உக்கடம் மேம்பாலத்தில், பஸ்ஸுக்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. பம்ப் கம்பெனி வேலை போயிற்று. நெஞ்சில் கோளாறில்லை, பயம்தான் நோய் என்று டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. "அக்கா மருந்து வருதுல்ல, அதையே சாப்பிட்டுக்கறேன்" என்பான். எலிக்குக் கொடுப்பது மனுசனுக்கு வர எத்தனையோ வருடம் ஆகும், வராமலும் போகும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மண்டையில் ஏறினால்தானே! சொன்ன எனக்குள்ளும் அந்த நப்பாசை இருந்தது.

என் ஆய்வு வழிகாட்டி கந்தப்பன் சார் எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மணி, பேயறஞ்ச மாதிரி நிக்கறே?"

"எலி வெளிய வரலைங்க சார்."

மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்கு வாசமே காணமே?"

"ராமாத்தாக்கா லீவுங்க சார். மகளுக்குப் பிரசவம்னு சென்னிமலை போயிருக்காங்க."

ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் ராமாத்தாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அறை முழுக்கச் சாம்பிராணி போடுவார். அந்தப் புகை அடங்கியதும்தான் மருந்து ஊசி. நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்ய வேண்டும் என்பது சாரின் கட்டளை. வெறும் தண்ணீர் ஊசிக்கு நாளென்ன கிழமையென்ன? மருந்தோடு ஒப்பிட வைத்திருந்த தண்ணீர் எலிகளை வியாழக்கிழமை முடித்துவிடுவோம்.

நான் சொன்ன பதில் எனக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் மருந்து எலிகளுக்குப் புகை கிடைத்தது. தண்ணீர் எலிகளுக்குக் கிடைக்கவில்லை.

"சார், தண்ணி எலிக்குச் சாம்பிராணி போட்டுப் பாக்கோணுங்க."

"வெளையாடறியா அம்மணி?" என்றார். ஆனால் முகம் செத்துவிட்டது.

அடுத்த வாரம் அவரே தணலை ஊதிப் புகை போட்டார். புது எலிகள், வெறும் தண்ணீர் ஊசி. ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்து மீசையைத் துடைத்துக்கொண்டு உலாவின. புகைதான் காரணமா, அதை இனிமேல்தான் ஆராய வேண்டும். எங்கள் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்பது மட்டும் வெட்டவெளிச்சம். சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ற புத்தியச் செருப்பால அடிக்கோணும். கட்டுரையத் திருப்பி வாங்கிப்போடலாம் அம்மணி."

"சரிங்க சார்" என்றேன். எனக்குக் கட்டுரை ஞாபகமே இல்லை.

வீட்டில் ரூபன் கட்டிலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது.

"மருந்து எப்பக்கா வரும்?"

"மருந்தே இல்லடா. பொய்யாப் போச்சு." எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "சர்ச்சுலயுந்தான் சாம்பிராணி போடறாங்க. சின்னதுலருந்து மோந்தேன், எனக்கொண்ணும் ஆகலியே!" சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அப்ப நான் எதுக்குக்கா காத்துட்டு இருந்தேன்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

"போதும் காத்துட்டு இருந்தது. எந்திரி. செருப்பப் போடு. டாக்டர்கிட்டப் போலாம்."

ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு நான் தெருவில், வெயிலில் நின்றேன். அவன் நிலைப்படிக்கு உள்ளே, இருட்டில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு இரைத்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"முடியலக்கா."

எலிச் சோதனையில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது. தள்ளி நின்று பார்க்க மட்டும்தான் வேண்டும். மூன்று வருடம் அப்படி நின்று பார்த்தவள் நான். வீட்டிலும் அதையே செய்திருக்கிறேன்.

"வா கண்ணு" என்று கையை நீட்டினேன். "அக்கா இங்கதான் நிக்கறேன். வா."

ஒரு கால் வெளியே வந்தது. என் விரல்களை நொறுக்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டான்.