கன்னி எடுத்த உடம்பு

சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வந்தவன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு காலை வைத்துவிட்டான். "நில்லுங்கப்பா!" என்று கோயில் தலைவர் கணேசமூர்த்தி குறுக்கே கையை நீட்டினார். "இது கன்னி எடுத்த உடம்பு. வீட்டுக்குள்ள போகக் கூடாது. தப்பும் அடிக்கக் கூடாது."

தூக்கி வந்த நால்வரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள். பெட்டி வாசலில், மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே, இரண்டு பெஞ்சுகளின் மேல் இறங்கியது. முப்பத்தொரு வருடம் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்த மூக்கனுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீடு இல்லாமல் போயிற்று.

நாகலெட்சுமிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதில் பாதி செத்துக் கிடந்த புருஷன் மேலேயே. கன்னிப்பாறையிலிருந்து துரைமார் காலத்தில் ஒரு கன்னிப்பெண் குதித்தாள் என்பது மலைக்கே தெரிந்த கதை. பாறையிலிருந்து விழுகிறவர்களை அவள்தான் எடுக்கிறாள், அவள் எடுத்த உடம்பை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, தப்பு அடிக்கக் கூடாது என்பதெல்லாம் மூக்கன் போட்ட சட்டம். படம் பிடிக்க வருகிறவர்களைப் பாறைக்குக் கூட்டிப்போய்க் கதை சொல்வதுதான் அவன் பிழைப்பு. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஒரு பொண்ணு குதிச்சிச்சுன்னு மட்டும் சொன்னா எவன் பயப்படுறான்?" என்று சொல்லி அதைச் சேர்த்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். வந்தவர்கள் கதையைப் போனில் போட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். இப்போது அது பாட்டன் காலத்து வழக்கமாகிவிட்டது.

"தலைவரே, அது இவரு கட்டிவிட்ட கதைங்க. என் முன்னாலதான் கட்டுனாரு."

"சாவு வீட்டுல அப்படிப் பேசாத தாயி. எங்க தாத்தா சொல்லி நானே கேட்டிருக்கேன்."

அவருடைய தாத்தா அவர் பிறக்கும் முன்பே செத்துப்போனவர்.

கொழும்பிலிருந்து வந்த தனுஜன் வேலியோரம் கைகட்டி நின்றான். ஞாயிற்றுக்கிழமை மூக்கன் பாறைக்குக் கூட்டிப்போனது அவனைத்தான். அன்றுதான் விளிம்பிலிருந்து விழுந்தான். நாகலெட்சுமி நேராக அவனிடம் போனாள்.

"தம்பி, அவரு ஒரு நாளும் விளிம்புக்குப் போகமாட்டாரு. பாசி வழுக்கும்னு ஆளுகளையும் விடமாட்டாரு. எப்படிப் போனாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "நான்தாம்மா போய் நிக்கச் சொன்னேன். ஆள் நின்னாத்தான் படத்துல பாறையோட உயரம் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்லிட்டேன்."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைந்தால் மூக்கன் வாசலிலேயே கிடப்பான்.

"அத அங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க மேல கேஸ் ஒண்ணும் போடமாட்டேன். அவரு வீட்டுக்குள்ள வந்தாப் போதும்."

தலையாட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தான். நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் போனைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்னதான் நடந்துச்சு தம்பி?" என்றார் தலைவர்.

தனுஜன் அந்தப் போனைப் பார்த்தான். "எனக்கும் சரியாத் தெரியல ஐயா. யாரோ கூப்பிட்ட மாதிரி அவராவே எழும்பிப் போனாரு."

கூட்டம் 'அம்மாடி' என்றது. "பொய்!" என்று நாகலெட்சுமி கத்தினாள். தாலியறுத்தவள் அப்படித்தான் கத்துவாள் என்று இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. காற்று தறப்பாளை ஒரு பக்கமாகப் பிய்த்துவிட்டது. எல்லோரும் ஓடி அவள் வீட்டுக்குள் ஏறினார்கள். அறை நிறைந்தது, இஸ்தோப்பும் நிறைந்தது. தனுஜனுக்கு யாரோ மூக்கனின் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது.

"உள்ள வா தாயி, நனையுற," என்றார் தலைவர் படியிலிருந்து.

நாகலெட்சுமி, தான் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கொடியிலிருந்து இழுத்தாள். பெட்டியின் தலைமாட்டுக்கு மேல் அதை விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.