மிளகுத்தூள் மத்தியஸ்தம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை தவறினால் யார்மேல் குற்றம் என்பதே மாறிப்போகும் என்று எனக்குப் பயம்.

பினாங்கில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வியாபாரிகள் சங்கத்தின் மாடியில் நான் எழுத்தராக இருக்கிறேன். கோர்ட்டுப் படி ஏறினால் இருப்பதும் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் தங்கள் தகராறை அங்கே கொண்டு வருவார்கள். மத்தியஸ்தர் திருநாவுக்கரசு, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் பார்த்துப் பேச முடியாத அளவுக்கு உறவு முறிந்தவர்களை அவர் ஆளுக்கொரு அறையில் உட்கார வைப்பார். நடுவில் நான் நடப்பேன். இவர் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோவது என் வேலை. இருவரும் ஒத்துவரும் இடம் தெரிந்ததும் அவர் அதை எழுத்தில் இறக்கிக் கையெழுத்து வாங்குவார்.

சனிக்கிழமை வந்தவர்கள் செபாஸ்டியனும் கமாலும். பினாங்கு ரோட்டில் இருபது வருஷமாகக் கூட்டாக மசாலா மில் நடத்துகிறவர்கள். சரக்கு வாங்குவதும் விற்பதும் செபாஸ்டியன். எஞ்சினும் அரவையும் கமால். இரண்டு மாதத்துக்கு முன், கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் மெய்யநாதன், இவர்கள் அனுப்பிய மிளகுத்தூளில் காரமே இல்லை, பப்பாளி விதை கலந்திருக்கிறது என்று செபாஸ்டியனை வரவழைத்துக் கேட்டார். கடை நிறைய ஆட்கள். செபாஸ்டியனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வாங்கினது நல்ல மிளகு. அரைக்கிறவன் கலந்திருப்பான்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு அன்று மாலையே கடல் தாண்டிக் கமாலின் காதுக்கு வந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவர்தான், திரும்பவில்லை. கூட்டைப் பிரிக்க வேண்டும், எஞ்சினையும் கல்லையும் விற்க வேண்டும் என்பது அவர் மனு. அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து ஒருவர் விலை பேசியும் வைத்திருந்தார். சனிக்கிழமை ஒத்துவராவிட்டால் மில் போய்விடும்.

முதலில் செபாஸ்டியன் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"தம்பி, அந்தக் கழுதைகிட்டப் போய்ச் சொல்லு. அதே சரக்குல பிரிக்காத மூட்டை ஒண்ணு கிடந்துச்சு. நேத்துப் பிரிச்சுப் பார்த்தேன். வாங்கினப்பவே அதுல பப்பாளி விதை இருந்திருக்கு. தப்பு என்னுதுதான். ரெண்டு மாசமா வீட்டுல அடைகாக்குறானே, குஞ்சு பொரிச்சிருச்சான்னு கேளு. திங்கக்கிழமை வந்து எஞ்சினைக் கிளப்பச் சொல்லு. வரலைன்னா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். மொட்டைத்தலையன்!"

எதிர் அறைக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. அதற்குள் நான் யோசித்தேன். மாலை வகுப்பில் வியாபாரக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்கிறேன். சூட்டை நீக்கு, விஷயத்தை வை என்பது அங்கே முதல் பாடம். வசவை அப்படியே கொண்டுபோனால் ஒத்துவருவதும் கெடும் என்று எனக்குத் தோன்றியது.

கமால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: "செபாஸ்டியன் அவர்கள் மூட்டையைச் சோதித்துப் பார்த்துவிட்டார். வாங்கும்போதே கலப்படம் இருந்திருக்கிறது. தவறு தம்முடையது என்று வருந்துகிறார். தாங்கள் திங்கட்கிழமை மில்லுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அது இருண்டது.

"தாங்கள்னா சொன்னான்?"

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

அவர் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்ப சரி தம்பி. பிரிச்சே எழுதச் சொல்லு."

"தப்பை ஒத்துக்கிட்டாரே!"

"எவனோ வக்கீல் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான். இருபது வருஷத்துல அவன் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினது ஒரே தடவை. எம் மகன் மவுத்தான அன்னைக்கு. கபர்ஸ்தான்ல எம் பக்கத்துல வந்து நின்னு, 'வாங்க, போகலாம்'னான். இன்னைக்கு மறுபடி மரியாதை கொடுக்குறான்னா என்ன அர்த்தம்? இதையும் மண்ணுல வச்சாச்சுன்னுதானே?"

அவர் கதவருகே போய்விட்டார். சொன்னதை மாற்றினேன் என்று தெரிந்தால் இந்த வேலை எனக்கு இருக்காது. சொல்லாவிட்டால் இருவருடைய மில் இருக்காது. இரண்டையும் நிறுத்துப் பார்க்க நேரம் இல்லை.

"அவர் அப்படிச் சொல்லலைங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

கமால் திரும்பினார். "என்ன சொன்னான்? விடாம சொல்லு."

சொன்னேன். கழுதையிலிருந்து தொடங்கினேன். குஞ்சு பொரித்ததையும் விடவில்லை. காதைப் பிடித்து இழுப்பதைச் சொன்னேன். மொட்டைத்தலையன் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். "இவனுக்கு மட்டும் காடா வளர்ந்து கிடக்குதோ" என்று முணுமுணுத்தார். வெகுநேரம் கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவன் வாய்தான். நம்புறேன். ஆனா தம்பி, என்னைக் களவாணின்னு அவன் சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்லையே. மெய்யநாதன் கடையில, நாலு பேர் நடுவுல சொன்னான். அங்கேயே போய், இதையும் நாலு பேர் நடுவுல சொல்லட்டும். அப்புறம் வரேன்."

இந்தத் தடவை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கொண்டுபோனேன்.

செபாஸ்டியன் அப்போதுதான் உட்கார்ந்தார். "அங்கேயா? பப்பாளி விதையை மிளகுன்னு வாங்கினேன்னு நானே போய்ச் சொன்னா, பாசார்ல எவன் என்னை மதிப்பான்? கையில அள்ளின உடனே சரக்கைச் சொல்றவன்லா நான். என் பேரே அதுதான்."

கொண்டுபோக வேண்டியது இன்னும் வரவில்லை என்று நின்றேன். ஜன்னலுக்குக் கீழே மாட்டுவண்டி ஒன்று போய் ஓய்ந்தது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் போறேன்னு சொல்லு. சாட்சிக்கு நீயும் வா."

திருநாவுக்கரசு அதையே நிபந்தனையாக எழுதினார். நான் செய்ததை அவரிடம் நானே சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்தார். என்ன நினைத்தார் என்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிறைக்குப் படகேறி, அங்கிருந்து ரயிலில் போனோம். மெய்யநாதன் கடையில் கூட்டம். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார்.

"அட, அதை நான் அன்னைக்கே மறந்துட்டேனே! இதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? உள்ள வாங்க, காபி குடிச்சிக்கிட்டே பேசலாம்."

உள்ளே போயிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். செபாஸ்டியன் வாசலில் மூட்டைகளுக்கு நடுவிலேயே நின்றார்.

"உள்ள வேணாம் செட்டியாரே. அன்னைக்கு இங்க நின்னுதான் சொன்னேன்." குரலை உயர்த்தினார். "எங்க மிளகுத்தூள்ல பப்பாளி விதை இருந்தது நிஜம். அதை மிளகுன்னு வாங்கினவன் நான். அரைச்ச கமால்மேல ஒரு குத்தமும் இல்ல. அவனைச் சொன்னது பொய்."

கூடையோடு நின்ற ஓர் அம்மாள் கேட்டாள்: "மிளகு எது, பப்பாளி விதை எதுன்னு தெரியாமயா மில்லு வச்சிருக்கே?"

கடை முழுக்கச் சிரித்தது.

"ஆமாக்கா" என்றார் செபாஸ்டியன். "அன்னைக்குத் தெரியல."

மெய்யநாதன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, இந்த மாதத்து மிளகுத்தூளை வேறு இடத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். செபாஸ்டியன் தலையை ஆட்டினார். திரும்பும்போது படகில் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாலையில் கமால் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் கேட்டதைச் சொல்வதா விடுவதா என்று வழியெல்லாம் குழம்பினேன். கடைசியில் அதையும் சொன்னேன், கடை சிரித்ததையும் சொன்னேன்.

"அவன் என்ன சொன்னான்?"

"ஆமாக்கா, அன்னைக்குத் தெரியலன்னாரு."

கமால் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவர் கண்கள் கலங்கினவா என்று உறுதியாக எழுத முடியாது; விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அதில் எண்ணெய்க் கறை திட்டுத்திட்டாக இருந்தது.

"ரெண்டு மாசம் நின்ன எஞ்சின். இப்பவே துடைச்சு எண்ணெய் விட்டாத்தான் காலையில கிளம்பும்."

"செபாஸ்டியன்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"நீ எதுக்கு? காலையில சத்தம் கேட்டா அவனே வருவான்."

அவர் பினாங்கு ரோட்டுப் பக்கம் நடந்தார்.