பங்கில் வந்த போதை

1975ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு முற்பகலில், நண்டோடைக்குப்பத்துத் தருமன் பழவேற்காடு ஏரியின் நடுவே ஒரு மணல்திட்டில் உட்கார்ந்து மூன்று கொட்டாங்கச்சி சுண்டக்கஞ்சி குடித்தான். அதன் போதை, பழவேற்காடு கடைத்தெருவில் இறால் விற்றுக்கொண்டிருந்த அவன் மனைவி லோகாம்பாளுக்கு ஏறியது. அன்று வரத்து அதிகம், இறால் விலை இறங்கியிருந்தது. தராசுத் தட்டில் எடைக்கல்லை வைக்கப் போனவள் தட்டின்மேலேயே கையை ஊன்றிக் கூடையோடு சரிந்தாள். வெயில் என்றார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்தவள் எதிரே நின்ற ஜவுளிக்கடை முதலாளியைப் பார்த்து, உங்கள் மூக்கு ஏன் இந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று அக்கறையோடு விசாரித்தாள். வெயில் இல்லை என்று கடைத்தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மதுவிலக்கு திரும்பி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. மாநிலத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று அரசாங்கம் நம்பியது. ஊர்க்காரர்கள் அந்த நம்பிக்கையைப் புண்படுத்த மனமில்லாமல் ஏரிக்கு நடுவே போய்க் குடித்தார்கள். சோற்றைப் பானையிலிட்டு, வாயைத் துணியால் கட்டி, திட்டு மணலில் கழுத்தளவு புதைத்து, புளித்துப் பொங்கியபின் வடிப்பது சுண்டக்கஞ்சி. திட்டுக்குத் திட்டு அது வேறு. சுப்பன் திருப்பாலைவனத்து நொய்யரிசியில் போடுவான். முனியன் பனைவெல்லம் சேர்ப்பான். புருஷனை இழந்த லட்சுமி கேழ்வரகு கலப்பாள். தருமன் தன் தோணியில் ஒவ்வொரு திட்டாகப் போய் எல்லாவற்றையும் ருசி பார்ப்பான். அவன் அதைக் குடிப்பது என்று சொல்ல மாட்டான். விரலை நனைத்து நாலு திசைக்கும் சுண்டுவான், கொட்டாங்கச்சியை வெயிலுக்கு நேரே பிடிப்பான், ஒரு துண்டு கருவாட்டை மென்று வாயைத் தயார் செய்வான், பிறகு கண்ணை மூடி உறிஞ்சுவான். திட்டில் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். "கொண்டல் காத்துல பொதைச்சது. கச்சான் அடிக்கச்சொல்ல எடுத்துக்கீற. நடுவுல ஒருநாள் தூறிச்சி" என்பான் தருமன். சுப்பன் கைகூப்பாத குறையாக ஆமாண்ணே என்பான். அந்த மாதம் ஏரியில் புதைத்த எல்லாப் பானைக்கும் அது பொருந்தும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மறுக்க முடியாத உண்மை. மூன்று திட்டும் சுற்றிவிட்டு வந்தாலும் தருமன் கயிற்றின்மேல் நடப்பவன்போல நேராக நடந்து வீட்டுக்குப் போவான். இப்படி ஓர் உறுதியான ஆண்பிள்ளை ஏரியின் நாலு கரையிலும் கிடையாது என்று ஊர் பெருமைப்பட்டது. உள்ளே லோகாம்பாள் நடுக்கூடத்தில் குப்புறக் கிடப்பாள். இவனுக்கு வாய்த்தது அப்படி என்றும் ஊர் சொன்னது.

ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுப்பன் பானை என்றால் முட்டியில் இறங்கும்; நின்ற இடத்தில் உட்கார வேண்டியதுதான். முனியன் பானை நாக்கில் ஏறும். மனசில் இருப்பதெல்லாம் வெளியே வரும். லட்சுமியின் கேழ்வரகு அழ வைக்கும். ருசி மட்டும் ஒருநாளும் அவளுக்கு வந்ததில்லை. அதை அவன் வைத்துக்கொண்டான். மறுநாள் தலைவலியும் அவளுக்குத்தான். அவன் விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, இன்னும் எழுந்திருக்காத பெண்டாட்டியின் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வருத்தப்படுவான். எலுமிச்சம்பழத்தை உப்புத் தண்ணீரில் பிழிந்து குடிக்க அவள் பழகிக்கொண்டாள். ஒருமுறை பதிலுக்குப் பதிலாக இருக்கட்டுமென்று தானே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கொட்டாங்கச்சி குடித்துப் பார்த்தாள். அதுவும் அவளுக்கே ஏறியது. நீ குடிக்கிறாய், எனக்கு ஏறுகிறது என்று அவனிடமே சொன்னாள்.

"இன்னாமே ஒளர்ற? என் வாயில போறது ஒன் வயித்துல எப்டி எறங்கும்? நடுவுல கொழா போட்டுக் கீறனா?" என்றான் தருமன். பிறகு பெருந்தன்மையாக, "ஒடம்புல சத்து இல்ல ஒனக்கு. நல்லா துன்னு" என்றான்.

குடித்த பெண்பிள்ளைக்கு நண்டோடைக்குப்பத்தில் தண்டனை உண்டு. குடித்த ஆணுக்கு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கங்கையம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழ வேண்டும். லோகாம்பாள் விழுந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. மனைவியால் வந்த அவமானத்தைத் தாங்க மாட்டாமல் அந்த நேரத்தில் தருமன் முனியன் திட்டுக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு கொட்டாங்கச்சி அதிகமாக ருசி பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணில் கிடந்தபடியே அவள் பெரியவர்களின் பாதங்களைப் பற்றிச் சில கருத்துகள் சொன்னாள். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் மாசிலாமணியின் பாதம் பற்றிச் சொன்னதைப் பெண்கள் பல வருடம் நினைத்துச் சிரித்தார்கள், அவர் இல்லாதபோது.

அவளை முதலில் நம்பியது பழவேற்காட்டு ராபியா. ஓலைக்கூடை முடைகிறவள், வாரம் தவறாமல் லோகாம்பாளிடம் இறால் வாங்குகிறவள். குடி என்ற சொல்லையே வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வீடு அது. அங்கே முற்றத்தில் உலர வைத்த ஓலைகளின்மேல் லோகாம்பாள் சரிந்தபோது ராபியாவின் அண்ணன் இனி இவள் படியேறக் கூடாது என்று கத்தினார். ராபியா குனிந்து அவள் வாயை முகர்ந்தாள். மறுவாரமும் சந்தைக்கே போய் முகர்ந்தாள். வெற்றிலை வாசம் தவிர ஒன்றுமில்லை. இரண்டு முறையும் ஏரியிலிருந்து வந்த தோணிக்காரர்களைப் பிடித்துத் தருமன் எங்கே என்று கேட்டாள். இரண்டு முறையும் அவன் திட்டில்தான் இருந்தான். அதற்கப்புறம் அவள் ஆச்சரியப்படவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கி வைத்தாள். "பாவம் நீ. துன்றது ஒருத்தன், பேதி ஒருத்திக்கா" என்றாள்.

இந்த இடத்தில் ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரியில் வலை கட்டும் நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு முறை வைத்து அவற்றைப் பிரித்துக்கொள்வார்கள். கல்யாணமானவனுக்கு ஒரு பங்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்ததே ஒரு பங்கு; லாபமும் நஷ்டமும் தெண்டமும் இருவருக்கும் பொது. மனைவி செத்தவன், துரும்பு முறித்து மனைவியைத் தீர்த்துவிட்டவன் பங்கு பெரியதனக்காரர் பங்கோடு சேரும். அவன் மறுபடி கட்டிக்கொள்ளும்வரை அவர் நிழலில் வலை போடுவான். ஆகவே புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளைத் தீர்த்து வைப்பதைவிடத் தீர்த்து விடுவதில் மாசிலாமணிக்கு அக்கறை அதிகம். அவர் குடிக்காதவர். ஒவ்வொரு திட்டிலிருந்தும் அவர் வீட்டுக்குப் போகும் பானையை விருந்தாளிகளுக்கு என்பார். தோளில் மடித்த துண்டோடு மதுவின் கேடுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் காக்கை கரைவதை நிறுத்திவிடும் என்பார்கள். காக்கைக்கும் வேறு வேலை இருந்திருக்கும்.

1978இல் தெற்கே ஒரு குப்பத்தில் ஸ்பிரிட் கலந்த சரக்கைக் குடித்துச் சிலர் செத்தார்கள், சிலருக்குக் கண் போயிற்று. நண்டோடைக்குப்பம் கலங்கிப் பஞ்சாயத்துக் கூட்டி, ரொம்ப யோசித்து, தனக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவை எடுத்தது. இனி எந்தச் சரக்கையும் முதலில் தருமன் குடிக்க வேண்டும். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் அவன் ஆடாமல் நின்றால் ஊர் குடிக்கலாம். உறுதியான ஆள் என்பதால் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு வெள்ளை வேட்டியும் ருசிக்காரர் என்ற பட்டமும் கொடுத்தார்கள். பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து லோகாம்பாள் நடுவே வந்தாள்.

"அவன் எதக் குடிச்சாலும் நிப்பான். வெசத்தக் குடிச்சாலும் நிப்பான். நான் செத்துப்பூடுவேன். அப்பால நீங்க குடிச்சிட்டு வரிசையாப் படுப்பீங்க."

அன்று அவள் தெளிவாகத்தான் இருந்தாள். இந்தப் பொம்பளை தெளிந்தபிறகு பேசட்டும் என்றார் மாசிலாமணி. எல்லோரும் சிரித்தார்கள். தருமனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. அன்றிலிருந்து அவன் தோணி எடுக்கும்போதெல்லாம் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். முட்டியா நாக்கா அழுகையா என்று காத்திருப்பாள். மூன்றில் ஒன்று வந்ததும் இன்றைக்குப் பிழைத்தோம் என்று மூச்சு விடுவாள். போதைக்காக நன்றி சொல்லும் நிலை ஒருத்திக்கு வரக்கூடாதுதான்.

மறு வருடம் ஆடித் திருவிழாவுக்கு மாசிலாமணி தன் அன்பளிப்பு என்று சொல்லித் தெற்கிலிருந்து சரக்கு இறக்கினார். பானை இல்லை, பிளாஸ்டிக் கேன்கள். கூழ் ஊற்றி முடிந்ததும் ருசிக்காரர் குடிப்பார், பிறகு ஊர். கேன்கள் கரையேறும்போது லோகாம்பாள் பக்கத்தில் நின்றாள். ஒரு மூடி கசிந்திருந்தது. அந்த வாடைக்கு அவள் கண் எரிந்தது. மேசைக்கு வார்னிஷ் அடிக்கும் வாடை. தருமனிடம் ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள். இன்றைக்கு ஒருநாள் வேண்டாம் என்றாள். ஊர் முன்னாடி நான் பின்வாங்க முடியுமா என்று அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். அவள் பழவேற்காட்டுக்கு ஓடினாள். ராபியா முடைந்துகொண்டிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒங்கூர்ல புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஒரே பங்குதானே லோகா? பங்குலதான் ஒனக்கு வந்து சேருது. பங்க விட்டு வெளிய வந்துடு."

"வெளிய வந்தா எனக்கு இன்னா கீது ராபியாம்மா? வூடும் அவனுது, தோணியும் அவனுது."

"உசுரு ஒன்னுதுதானே."

கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே லோகாம்பாள் பஞ்சாயத்தின் முன் நின்று தன்னைத் தீர்த்துவிடச் சொன்னாள். நல்ல நாளில் இதென்ன பேஜார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மாசிலாமணி முணுமுணுக்கவில்லை. தருமனுக்குச் சீட்டில் விழுந்திருந்தது அந்த வருடத்தின் மிகச் சிறந்த பாடு. குடும்பத்தின் புனிதம்பற்றிச் சுருக்கமாக, அதாவது கூழ் ஆறும்வரை, பேசிவிட்டு அவரே கீழே கிடந்த ஒரு துரும்பை எடுத்து நீட்டினார். தருமன் முகம் சுருங்கிப்போயிருந்தது. ஊரே மதிக்கிற ஆளை இவள் ஒருத்தி மதிக்கவில்லையே என்றான். அவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள், துரும்பு முறிந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கூடையும் தராசும் போதும் என்றாள். அதற்குப் பிறகு அவள் போய்விடவில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னாள்:

"அவன் காலப் பாக்காதீங்க. பெரியதனக்காரர் காலப் பாருங்க."

தருமன் விரலை நனைத்து நாலு திசைக்கும் சுண்டினான், கருவாட்டை மென்றான், கண்ணை மூடி ஒரு மடக்கு உறிஞ்சினான். தூண்போல நின்றான். சற்றுக் காரம், ஆனால் குலம் நல்ல குலம் என்று தீர்ப்பும் சொன்னான். இளவட்டங்கள் கொட்டாங்கச்சியோடு முண்டியடித்தார்கள். ஊர்க் கட்டுப்பாடுபற்றிப் பேச எழுந்த மாசிலாமணி, பந்தலை ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டார். பந்தல் இருந்தது. எல்லாம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டார். பிறகு முட்டியிலும் இல்லாமல் நாக்கிலும் இல்லாமல், வெட்டிய பனைபோல நெடுக விழுந்தார். வாயில் நுரை வந்தது. கொட்டாங்கச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கேன்களைக் கோயிலுக்குப் பின்னால் மணலில் கவிழ்த்தார்கள். அந்த இடத்தில் இன்றுவரை அடப்பங்கொடிகூடப் படரவில்லை. தருமன் மட்டும் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, லோகாம்பாள் நின்ற இடத்தைப் பார்த்தபடி நேராக நின்றுகொண்டிருந்தான். அவன் ஆடியிருந்தால் அன்றைக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மடக்கு என்பதால் மாசிலாமணி பிழைத்தார். இடது கண்ணில் ஒரு வெள்ளைத் திரை நின்றுவிட்டது. எழுந்து நடந்ததும் அவர் முதலில் செய்தது தருமனின் பங்கைத் திருப்பிக் கொடுக்க முயன்றது. முறித்த துரும்பு ஒட்டாது, பஞ்சாயத்து முடிவு மாறாது என்று ஊர் சொன்னது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவர். அடுத்து, தன் செலவில் தருமனுக்குப் பெண் தேடினார். ஏரியைச் சுற்றி எல்லாக் குப்பத்திலும் கேட்டார், திருப்பாலைவனம் பக்கம் ஆளனுப்பினார், மீஞ்சூர்வரை போனார். விஷயம் அவருக்கு முன்பே அங்கெல்லாம் போயிருந்தது. தன் பெண்ணை அந்தப் பங்கில் சேர்க்க ஒரு தகப்பனும் சம்மதிக்கவில்லை. பதவியை விடுகிறேன் என்றார், வாங்கிக்கொள்ள ஆளில்லை.

1981இல் சாராயக் கடைகள் திறந்தன, பெரியதனக்காரர் நாள் முழுதும் தள்ளாடினார். 1984 புயலில் முனியன் திட்டில் மாட்டிக்கொண்ட தருமன் பயத்தில் பானை பானையாகக் காலி செய்தான். மறுநாள் நிவாரணம் கொடுக்க வந்த அதிகாரிக்கு மாலை போடப்போன மாசிலாமணி மாலையோடு அவர்மேலேயே விழுந்து, அவர் தொப்பையைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். துயரத்தால் நிலைகுலைந்தார் என்று அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவித்தார். அந்த வருடம் குப்பத்துக்கு அரிசி கூடுதலாகவே வந்தது. 1987இல் கடைகள் மறுபடி மூடியபோது குப்பம் பழையபடி திட்டுக்குப் போனது. போகுமுன் பெரியதனக்காரர் எப்படி நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான். அவர் போதையில் சொன்ன தீர்ப்புகள் தெளிவில் சொன்னவற்றைவிட மோசமாக இல்லை என்பது ஊரின் அபிப்பிராயம்.

தருமன் ஒரே ஒருமுறை லோகாம்பாளின் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். தாடி நரைத்திருந்தது. இப்போதுதான் உனக்கு ஏறுவதில்லையே, வந்துவிடு என்றான்.

"ஏறாததாலதான் வரல" என்றாள் அவள். அவன் நேராக நடந்து போனான். அவளுக்கு அன்று கண்ணில் நீர் வந்தது; லட்சுமியின் கேழ்வரகோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டு, இல்லை என்று தெரிந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஒரு முற்பகலில் மாசிலாமணி கடைத்தெருவில் அவள் எதிரே வந்து, மடித்த துண்டு தோளிலிருந்து நழுவ, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கோணிக்கொண்டிருந்தது. சுற்றிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லோகாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள், ஏரிப்பக்கம் ஒருமுறை பார்த்தாள், ராபியா கொடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை உப்புத் தண்ணீரில் பிழிந்து நீட்டினாள்.

"லட்சுமி பானை. உக்காருங்க. அய்துடுங்க, எறங்கிடும்."

அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவள் எடைக்கல்லைத் தட்டில் வைத்தாள். அன்று வரத்துக் குறைவு, இறால் விலை ஏறியிருந்தது.