மும்முனை இணைப்புக்கு ஒரு கையெழுத்து

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அந்தத் தெருவில் மின்சாரம் முழு வலுவோடு வரும். ஊர் எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்குள் கதவுக்கான கீல்தகடு முடிந்தவரை அடித்துத் தள்ள வேண்டும். கட்டில் கிடந்த முன்னறையில் இப்போது பிரஸ் மெஷின் நின்றது. நாத்தனார் தகட்டை வைப்பாள், அண்ணி பெடலை மிதிப்பாள், தகட்டை வெட்டும் டை அச்சு தொம்மென்று இறங்கும். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுத் தெருவுக்கே அவள் அண்ணிதான். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மிதி. வலது முழங்கால் வீங்கியே கிடந்தது. எண்ணெய் நாற்றம் சோற்றில்கூட ஏறியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் இந்த மெஷின்கள் பட்டறையில் ஓடியவை. பட்டறை என்றால் சங்கம் வரும், விபத்துக்கு ஈடு கேட்பார்கள். எதற்கு வம்பு என்று முதலாளி பட்டறையை மூடி, மோட்டாரை மட்டும் வீட்டு மின்சாரத்துக்குத் தக்கபடி மாற்றி, பதினொரு மெஷினையும் பதினொரு வீட்டில் இறக்கினார். "இனிமே நீங்கதான் முதலாளி" என்று சிரித்தார். நல்ல கதைதான். மெஷின் அவருடையது, தகடு அவருடையது, கரண்ட் பில்லும் முழங்கால் வலியும் மட்டும் இவர்களுடையவை.

விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட ஒருமுனை இணைப்பு பதினொரு மோட்டாரைத் தாங்குமா? ஒருவர் ஓட்டினால் இன்னொருவருக்கு மின்சாரம் துவளும். யார் முதலில் போடுவது என்று தெருவில் தினமும் வாய்ச்சண்டை.

அன்று ஏழு மணிக்கு அண்ணியின் மெஷின் முனகியது. பாதி இறங்கிய டை தகட்டைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. நாத்தனார் தகட்டை இழுக்கக் கையை விட்டாள். எதிர்வீட்டில் ஃபியூஸ் அண்ணன், தெருவுக்கெல்லாம் ஃபியூஸ் கட்டித் தருகிறவர், அந்த முனகலைக் கேட்டார். பாவம், அவர்கள் ஓட்டட்டும் என்று தன் மெஷினை அணைத்தார். அடுத்த நொடி இங்கே மின்சாரம் குபுக்கென்று ஏறியது. டை இறங்கியது. இரண்டு விரல் போயிற்று.

"நான்தாம்மா அவ கையைக் கெடுத்தேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நீங்க நல்லது செஞ்சீங்கண்ணே. நல்லது செஞ்சாக்கூட விரல் போற மாதிரி வச்சிருக்கானே, அவனைச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மோட்டார் துவளாமல் ஓட மும்முனை இணைப்பு கேட்டு மூன்றாம் நாள் கரண்ட் ஆபீசுக்குப் போனதும் ஃபார்ம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம்: இயந்திரத்தின் உரிமையாளர், கையெழுத்து. அண்ணியும் ஃபியூஸ் அண்ணனும் முதலாளி வீட்டுக்குப் போனார்கள்.

"உன் பேரையே போட்டுக்கம்மா. இதுக்கு எதுக்கு நான்?" என்று முதலாளி சிரித்தார்.

"அப்ப மெஷினை வித்துக்கலாமா சார்?"

சிரிப்பு நின்றது. "வாய் நீளுது."

"உங்க மெஷின்னு எழுதினா அவ விரலுக்கும் பதில் சொல்லணும். அதானே பயம்?"

"சாயங்காலம் வண்டி வரும், மெஷினைத் தூக்கிடுவேன்" என்றவர், ஃபியூஸ் அண்ணனைப் பார்த்துக் குரலை இறக்கினார். "அதை உமக்கு ரெண்டாவது மெஷினாப் போடறேன். நீர் விவரம் தெரிஞ்சவர், உம்ம பேர்லயே கையெழுத்துப் போட்டுடுவீர்."

ஃபியூஸ் அண்ணன் ஃபார்மை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வரும் வழியில் அண்ணியை விட்டு முன்னால் நடந்தார். இவரும் முதலாளி பக்கம் போய்விட்டார் என்றே அண்ணி நினைத்தாள். மெஷின் போனால் நாளைக்கு உலை வைக்க வழியில்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் தனியாக இறங்கி, "இந்த மெஷினைத் தூக்கி எதிர்வீட்டுல இறக்கச் சொன்னாரு" என்றான்.

"இங்க இடமில்ல" என்றார் ஃபியூஸ் அண்ணன், தன் வாசலை மறித்து நின்று. அவர் கையில் ஃபார்ம் இருந்தது. உரிமையாளர் கட்டத்தில் முதலாளியின் பெயரை எழுதி, கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

பக்கத்து வீட்டிலும் இடமில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. நேற்றுவரை அடித்துக்கொண்ட வாசல்கள்தான். மெஷின்களை அணைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள், ஆளுக்கொரு ஃபார்மோடு. எல்லாம் ஃபியூஸ் அண்ணன் மத்தியானம் வாங்கி வந்து கொடுத்தவை.

டிரைவர் போனில் பேசினான். மறுபக்கம் கத்துவது தெருவுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அண்ணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"என்கிட்டயும் அப்படித்தான் அக்கா சொன்னாரு, வண்டிக்கு நீதான் ஓனர்னு. டயர் வெடிச்சா என் செலவு." ஃபார்மை வாங்கிப் பார்த்தான். "இது வண்டிக்கு ஆகுமா?"

"ஆகாது தம்பி" என்றாள் அண்ணி. "காலையில கரண்ட் ஆபீசுக்குப் போறோம். அவர் வந்து கையெழுத்துப் போடாட்டி ஒரு மெஷினும் ஓடாது. நாளைக்கு என்ன நடக்கும்னு எங்களுக்கே தெரியாது."

டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து அளவு பார்த்தான்.

"எத்தனை பேரு?"

"பதினொரு வீடு. கைக்கட்டோட அவளும் வருவா."

"நெருக்கி நின்னா ஏறலாம்" என்றான்.